பள்ளிச்சந்தம் முதல் பதிவுச் சான்று வரை: எல்லை மண்ணில் அறநிலங்களின் வரலாறு

தொழில் நிமித்தம் ஓசூரில் குடியேறிய நம் குடும்பங்கள் விழாக் காலங்களில் ஆரணி, வந்தவாசி, செஞ்சிப் பகுதிகளில் உள்ள சொந்த ஊர்களுக்குச் செல்கையில் கிருஷ்ணகிரியைக் கடந்தே செல்கின்றன. அங்கிருந்து தெற்கே திரும்பினால் சிறிது நேரத்தில் தருமபுரியை அடையலாம். பழந்தமிழ் நூல்களும் கல்வெட்டுகளும் தகடூர் என்று குறிப்பிடும் ஊர் அதுவே. அவ்வூரில் சக ஆண்டு 815இல், அதாவது கி.பி. 893இல், பொறிக்கப்பட்ட ஒரு கன்னடக் கல்வெட்டு நம் சமூகத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

நுளம்ப மன்னன் மகேந்திரன் அப்பகுதியை ஆண்ட காலம் அது. வணிகக் குடியில் பிறந்த நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர் தகடூரில் ஒரு ஜினாலயம் எழுப்பினர். அவர்களுள் நிதியண்ணன் மன்னனிடமிருந்து மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்றார். பெற்ற ஊரைத் தம் குடும்பத்திற்கென வைத்துக்கொள்ளாது, வினயசேன சித்தாந்த படாரரின் மாணாக்கரான கனகசேன சித்தாந்த படாரரிடம் ஒப்படைத்தார். ஆலயம் பழுதுபட்டால் சீர்செய்யவும், வழிபாடு தடையின்றி நடக்கவும் அவ்வூரின் வருவாய் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம். மகேந்திரனின் மகன் அய்யப்பதேவன் காலத்தில் மற்றோர் ஊரும் இதே ஆலயத்திற்கு வந்து சேர்ந்தது.

இச்செயலின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். நிலத்தை அளித்தவர் மன்னர். பெற்று அறத்திற்கு உரிமையாக்கியவர் இல்லறத்தார். பொறுப்பேற்றவர் துறவி. பயன் பெறுவது ஆலயமும் அதை நாடி வரும் மக்களும். நோக்கம் இன்னது என்பது எழுத்தில் உள்ளது. சான்று கல்லில் உள்ளது. இன்று அறக்கட்டளை ஒன்றை நிறுவ வழக்கறிஞரிடம் செல்வோர் எழுதிக்கொள்ளும் ஆவணத்தில் அறம் நிறுவுவோர், அறங்காவலர், பயனாளர், குறிக்கோள், சொத்து விவரம் ஆகிய ஐந்தும் இடம்பெறும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வைந்தும் தகடூர்க் கல்வெட்டில் அமைந்துள்ளன.

அறத்திற்கென ஒதுக்கப்படும் நிலம் எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு இழக்கப்பட்டது, இன்று ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழில் வளரும் எல்லைப் பகுதிகளில் அதைக் காப்பதற்குச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது என்பவற்றை வரலாற்று முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதியர் வழங்கிய பாழி

தகடூரை ஆண்ட அதியர் குடிக்கும் சமண அறத்திற்கும் உள்ள தொடர்பு நுளம்பர் காலத்திற்கும் மிக முற்பட்டது. 1981ஆம் ஆண்டு திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்னும் ஊரின் குன்றில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பாழியை, அதாவது தவத்தோர் தங்கும் குகையுறையுளை, கொடுத்த செய்தியை அது கூறுகின்றது. அசோகரின் கல்வெட்டுகள் குறிப்பிடும் சத்தியபுத்திரர் யாவர் என்ற நெடுநாள் ஐயத்தையும் அக்கல்வெட்டே தீர்த்து வைத்தது. ஜம்பைக்கு அருகே பள்ளிச்சந்தல் என்ற பெயருடைய ஊர் இன்றும் உள்ளது. பள்ளிச்சந்தம் என்ற அறநிலப் பெயரின் தடம் அவ்வூர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிற்காலத்தில் அதே குடியில் வந்தவனும் தகடூர்த் தலைவனுமாகிய விடுகாதழகிய பெருமாள், போளூருக்கு அருகேயுள்ள திருமலையில் தன் முன்னோன் எழினி எழுந்தருளுவித்த யட்ச யட்சித் திருமேனிகள் பழுதுற்றிருந்ததைக் கண்டு புதுப்பித்தான். எறிமணி ஒன்றும் அளித்து, நீர்க்கால் ஒன்றும் அமைத்துக் கொடுத்தான் என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கின்றது. முன்னோன் செய்த அறத்தைப் பின்னோன் தேடிச் சென்று சீர்செய்தான் என்பதும், திருமேனிகளோடு நில்லாது நீருக்கும் வழி செய்தான் என்பதும் நம் கவனத்திற்குரியவை. மலையும் நீரும் அழிந்தபின் கோயில் மட்டும் தனித்து நிற்க இயலாது என்பதை அவன் உணர்ந்திருந்தான் போலும்.

பள்ளிச்சந்தம் என்னும் சட்ட நிலை

பண்டைத் தமிழகத்தில் அந்தணர்க்கு அளித்த நிலம் பிரமதேயம் எனவும், கோயில்களுக்கு அளித்தது தேவதானம் எனவும், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு அளித்தது பள்ளிச்சந்தம் எனவும் பெயர் பெற்றன. இவை வெறும் மரியாதைப் பெயர்கள் அல்ல. வரிக் கணக்கில் அந்நிலம் எவ்வகையைச் சாரும், அதன்மீது எவ்வெவ் வரிகள் நீங்கும், யார் அதை அனுபவிப்பர் என்பனவற்றை வரையறுக்கும் சட்டச் சொற்கள் அவை.

பல்லவ மன்னன் சிம்மவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி அடிகளுக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடுகள் கூறுகின்றன. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்தபோதும் அது பள்ளிச்சந்தமாகவே வழங்கப்பட்டது. இத்தகைய கொடைகளில் பின்பற்றப்பட்ட நடைமுறை வியப்பிற்குரியது. மன்னனின் வாய்மொழி ஆணை முதலில் ஓலையில் எழுதப்படும். அலுவலர் பலர் அதனை ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கையொப்பமிடுவர். பின்னர் அது வரிக் கணக்கில் ஏற்றப்படும். அதன்பின் நாட்டார் கூடி, பெண்யானையை முன்னே நடத்தி, ஊரைச் சுற்றி எல்லை நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, நான்கு திசை எல்லைகளையும் எழுதித் தருவர். இறுதியிலேயே செப்பேடோ கல்வெட்டோ வெட்டப்படும்.

ஆகவே கல்வெட்டு என்பது கொடையின் தொடக்கமன்று. பல படிகளைக் கடந்த ஓர் ஏற்பு நடைமுறையின் முடிவாகும். அரசு அறிந்தது, கணக்கில் ஏறியது, அண்டை ஊரார் ஒப்பினர், எல்லை அளக்கப்பட்டது என்ற நான்கும் நிறைவேறிய பின்னரே அறநிலம் அறநிலமாயிற்று. இக்காலத்தார் அங்கீகாரம் என்று கூறுவதன் உட்பொருளும் இதுவே.

காவலரே கவர்ந்த காலம்

ஏற்பு பெற்ற நிலமும் இடர்ப்படுவதுண்டு. ஆற்காட்டுக்கு அருகே விளாப்பாக்கத்தை ஒட்டிய பஞ்சபாண்டவமலை முற்காலத்தில் திருப்பான்மலை எனப்பட்டது. அங்கே இராசராசனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 992-93இல், வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. அப்பகுதியை ஆண்ட இலாடராயர் குடியினர் பள்ளிச்சந்தமாகிய கூறகன்பாடி என்னும் ஊரிலிருந்து கற்பூர விலை என்ற பெயரில் ஒரு வரியையும், வேறொரு தண்ட வரியையும் வாங்கி வந்தனர். அதனால் பள்ளியின் அறம் கெட்டது. அக்குடியின் தலைவன் வீரசோழனுடைய தேவி இலாட மாதேவியார், தம் கணவரோடு அம்மலைக்கு வழிபட வந்தபோது, இந்நிலையைக் கண்டு, அவ்வரிகளை நீக்கியருள வேண்டும் என்று அவரிடமே விண்ணப்பம் செய்தார். வீரசோழனும் இசைந்து அவ்வரிகளைப் பள்ளிக்கே விட்டுக்கொடுத்தான். மீண்டும் அவற்றை வாங்குவோர் அடையும் பாவமும் அங்கே எழுதி வைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நமக்குரிய படிப்பினை இரண்டு. அறநிலத்தை அழிப்பவர் எப்போதும் வெளியிலிருந்து வரும் பகைவர் அல்லர். பல வேளைகளில் அதைக் காக்கக் கடமைப்பட்டவரே அழிக்கின்றனர். அவ்வாறு நேரும்போது அது தவறென்று குரல் எழுப்ப ஒருவர் வேண்டும்; எழுப்பிய குரலுக்கு எழுத்து வடிவம் வேண்டும். மாதேவியார் பேசியிராவிடில் அக்கொடை ஓசையின்றிக் கரைந்திருக்கும்.

விசயநகர காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. படைத்தலைவர் இருகப்பர் 1382ஆம் ஆண்டு திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயத்திற்கு மகேந்திரமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1368இல், சமணர்க்கும் வைணவர்க்கும் எழுந்த பிணக்கை முதலாம் புக்கர் தீர்த்து வைத்த உடன்படிக்கை சிரவணபெளகொளவில் கல்லில் பொறிக்கப்பட்டது.

நிலப்பட்டா பிறந்த மண்

கிருஷ்ணகிரியின் நில வரலாற்றில் பெருந்திருப்பம் 1792இல் நேர்ந்தது. திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் எனப்பட்ட இப்பகுதி ஆங்கிலேயக் கும்பினியார் வசமாயிற்று. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர் அவர்களிடம் வந்தது. பாராமகாலின் நிருவாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் புலம் புலமாக நிலத்தை அளந்து, பயிரிடுவோனிடமே நேராக வரி வாங்கும் முறையை இங்கே சோதித்துப் பார்த்தனர். பின்னாளில் இரயத்துவாரி முறை என்ற பெயரில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ஏற்பாட்டின் தொட்டில் இப்பாராமகாலே ஆகும். இன்று நாம் பெட்டியில் வைத்துக் காக்கும் பட்டாவின் வேர் இங்கேயே ஊன்றியது.

இப்புதிய முறையில் ஒரு கேள்வி எழுந்தது. மன்னரும் பாளையக்காரரும் வரி நீக்கி அளித்த அறநிலங்களை என்ன செய்வது? 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குச் சட்டம் அறக்கொடைகளை மேற்பார்வையிடும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் அளித்தது. 1858இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு மானிய நிலத்திற்கும் யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிப்பது என்று விசாரித்துப் பதிவேட்டில் ஏற்றியது. ஏற்புடையவற்றிற்கு உரிமைச் சீட்டும் வழங்கியது. அவ்விசாரணையில் ஆவணத்தையும் அனுபவத்தையும் காட்ட முடிந்தவர் உரிமைச் சீட்டுப் பெற்றனர். கல்வெட்டு எங்கோ இருந்தும் வாசிக்க ஆளின்றி இருந்த இடங்களில், அறநிலம் பிறர் பெயரில் பதிவாயிற்று.

1863ஆம் ஆண்டின் சமய அறநிலையச் சட்டத்தால் அரசு நேரடி மேற்பார்வையிலிருந்து விலகிக்கொண்டது. விடுதலைக்குப் பின் 1963இல் இயற்றப்பட்ட இனாம் ஒழிப்புச் சட்டங்கள் எஞ்சிய மானியங்களையும் இரயத்துவாரிப் பட்டாவாக மாற்றின. ஆயிரம் ஆண்டுகள் வழங்கிய பள்ளிச்சந்தம் என்ற சட்ட நிலை அத்துடன் முற்றுப்பெற்றது. இன்று அறநிலம் என்பதற்குத் தனிப்பட்ட நில வகை ஏதுமில்லை. அந்நிலத்தை வைத்திருக்கும் நிறுவனம் எத்தகையது என்பதைப் பொறுத்தே அதன் பாதுகாப்பு அமைகின்றது.

பெயரும் உரிமையும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறுதல் நலம். போச்சம்பள்ளி, கெலவரப்பள்ளி என இம்மாவட்டத்தில் பள்ளி என்று முடியும் ஊர்கள் பல. அவையெல்லாம் பழைய சமணப் பள்ளிகளே என்று நம்மவர் சிலர் பெருமிதத்துடன் கூறக் கேட்கிறோம். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் பள்ளி, ஹள்ளி என்பன சிற்றூரைக் குறிக்கும் பொதுச் சொற்களுமாகும். கல்வெட்டோ திருமேனியோ வேறு சான்றோ இன்றி ஊர்ப் பெயரை மட்டும் கொண்டு உரிமை பேசுதல் வரலாற்றுக்கும் ஒவ்வாது, நீதிமன்றத்திலும் நில்லாது. நிதியண்ணன் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர் ஆவணம் செய்ததே ஆகும்.

இன்றைய சட்டத்தில் அறநிலத்தின் நிலை

அறநிலம் வைத்திருக்க இன்று மூன்று வழிகள் உள்ளன. ஆவணம் எழுதிப் பதிவு செய்யும் பொது அறக்கட்டளை ஒன்று. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் அமையும் சங்கம் மற்றொன்று. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் எட்டாம் பிரிவின்கீழ் அமையும் இலாப நோக்கற்ற நிறுவனம் மூன்றாவது. இவற்றுள் நிறுவனம் தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் உரிய சட்ட ஆளாகும். அறக்கட்டளையோ அத்தகையதன்று, நிலத்தின் உரிமை அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, அவர்கள் பிறர் நலனுக்காக அதைத் தாங்கி நிற்கின்றனர். காலஞ்சென்ற அறங்காவலரின் பெயரிலேயே பட்டா பல ஆண்டுகள் நின்றுவிட்டால், அவர்தம் பிள்ளைகள் அதைக் குடும்பச் சொத்தெனக் கருத இடமேற்படுகிறது. நம் ஊர்களில் எழுந்த பூசல்கள் பலவற்றிற்கு மூலம் இதுவே.

1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் நம் ஆலய அறங்களுக்கு நேராகப் பொருந்தும் என்று பலர் எண்ணுகின்றனர். அச்சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கே உரியது; பொதுச் சமய, தரும அறக்கொடைகளைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. மகாராட்டிரம், குசராத்து ஆகிய மாநிலங்களில் அறக்கட்டளைகளுக்கென அற ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் அத்தகைய பொது ஆணையர் இல்லை. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமும் சமண சமய நிறுவனங்களைத் தன் பொது எல்லையிலிருந்து விலக்கியுள்ளது. வேண்டுமெனில் அறிவிக்கை வாயிலாக அதனை விரிவுபடுத்தும் அதிகாரத்தை மட்டும் அரசிடம் வைத்துள்ளது.

ஆதலால் நம் அறநிலங்களுக்கு இறுதிக் காவல் நீதிமன்றமே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, பொது அறத்தில் அக்கறையுடைய இருவர் அல்லது மேற்பட்டோர், நீதிமன்றத்தின் இசைவு பெற்று, அறங்காவலரை நீக்கவும், கணக்குக் கேட்கவும், நிருவாகத் திட்டம் வகுக்கவும் வழக்குத் தொடரலாம். அற நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ அடமானம் வைக்கவோ இசைவு கோருவதும் அப்பிரிவில் அடங்கும். இலாட மாதேவியார் செய்த விண்ணப்பத்தின் இக்கால வடிவம் இப்பிரிவு எனலாம்.

நோக்கம் மாறலாகாது என்பதற்கும் உறுதியான தீர்ப்பு உண்டு. பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தை எதிர்த்து, சமண ஆலயம் ஒன்றின் மேலாளராகிய இரதிலால் பானாச்சந்த் காந்தி தொடுத்த வழக்கில் 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறக்கட்டளைகளை ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமை உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும், நிறுவியவர் கருதிய சமய நோக்கம் நிறைவேறக்கூடியதாக இருக்கும்போதே அதன் பணத்தை வேறு நோக்கத்திற்குத் திருப்புவது அரசியலமைப்பு உறுதியளித்த சமய உரிமைக்கு மாறானது என்று கூறி, அதற்கு இடமளித்த பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. இத்தீர்ப்பு அரசுக்கு மட்டும் கூறப்பட்டதாகக் கொள்ளாமல், அறங்காவலர் ஒவ்வொருவரும் தமக்குக் கூறப்பட்டதாகக் கொள்ள வேண்டும்.

நிலங்காத்தல் அறமாகுமா?

ஆலயத்தின் வழிபாட்டிற்காக நிலம் வைத்திருத்தல் பழைய மரபு. குன்றையும் ஏரியையும் சோலையையும் அவற்றில் வாழும் உயிர்களுக்காகவே காப்பதற்கு ஒரு நிறுவனம் அமைக்கலாமா என்பது புதிய கேள்வி. மேலை நாடுகளில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் 1891இல் நிலங்காக்கும் அறங்காவலர் குழு ஒன்று சட்டத்தால் நிறுவப்பெற்றது. அதைத் தொடர்ந்து 1895இல் இங்கிலாந்தில் தேசிய அறக்கட்டளை தோன்றியது. 1907ஆம் ஆண்டின் தனிச் சட்டம் அதன் நிலங்களை விற்கவொண்ணாதவை என அறிவிக்கும் அதிகாரத்தை அதற்கு அளித்தது. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு நில அறக்கட்டளைகளுக்கென ஒரு தரச்சான்று ஆணையம் அமைந்தது. எல்லையை ஆண்டுதோறும் சுற்றிப் பார்த்து எழுதி வைக்கிறார்களா, வழக்கு வந்தால் நடத்தப் பொருள் ஒதுக்கியுள்ளார்களா, அறங்காவலர் தம் உறவினர்க்கு நிலத்தை விற்காதிருக்க விதி உண்டா என்றெல்லாம் ஆராய்ந்தே அது சான்று வழங்குகிறது. ஐந்தாண்டுக்கொருமுறை அச்சான்று புதுப்பிக்கப்பட வேண்டும்.

அந்நாட்டில் உழவர் தம் நிலத்தைத் தாமே வைத்துக்கொண்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கு நிலையாகக் கட்டுப்படுத்திக் கொடுக்கவும் முடியும். நம் நாட்டில் இது எளிதன்று. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவருடைய நிலத்தின்மீது அத்தகைய உரிமை பெறுவோர் அந்நிலத்தால் பயனுறும் வேறொரு நிலத்தின் உடைமையாளராக இருத்தல் வேண்டும். ஆகவே இங்கே நிலங்காக்க விழைவோர் நிலத்தையே கொடையாகவோ கிரயமாகவோ பெற வேண்டும். அல்லது நெடுங்காலக் குத்தகைக்குக் கொள்ள வேண்டும். அப்போது 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தையும் கருத்தில் கொள்ளுதல் தேவை.

எனினும் கதவு அடைபட்டிருக்கவில்லை. 2009ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் தருமம் என்பதன் இலக்கணம் விரிவாக்கப்பட்டு, நீர்ப்பிடிப்புகள், காடுகள், வனவுயிர்கள் உள்ளிட்ட சுற்றுச்சூழலைக் காத்தலும், வரலாற்றுச் சிறப்புடைய நினைவுச் சின்னங்களைக் காத்தலும் தருமங்களாக ஏற்கப்பட்டன. 2002ஆம் ஆண்டின் திருத்தத்தால் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தனியார் அல்லது சமூக நிலங்களைச் சமூகக் காப்பகமாக அறிவிக்க வழி வகுத்தது. அதே ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டம் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற நிலையை உண்டாக்கியது. அதன்படி நாட்டிலேயே முதலாவதாக 2007இல் அறிவிக்கப்பட்டது ஓசூருக்கு அப்பால் தேவனஹள்ளியை அடுத்த நல்லூர்ப் புளியந்தோப்பாகும். சுமார் 54 ஏக்கர் பரப்புடைய அத்தோப்பு பெங்களூர் விமான நிலையத்தின் வளர்ச்சி சூழ்ந்த பகுதியில் இன்றும் நிற்கிறது.

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியாகும். சுமார் 193 எக்டேர் பரப்புடைய அத்தலத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுள்ள சமணக் குகையும், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும், வல்லூறு முதலிய பறவைகள் வாழும் குன்றுகளும் ஒருங்கே உள்ளன. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய தங்குதன்* கனிமத் தொகுதி ஏலம் விடப்பட்டபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் நடுவணரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. மக்கள் எழுச்சியே அதற்கு முதற்காரணம். ஆயினும் அத்தலம் முன்னரே சட்டப்படி அறிவிக்கப்பட்டிருந்தமை அம்மக்களின் குரலுக்கு ஊன்றுகோலாயிற்று.

நம் எல்லைப் பகுதியும் அத்தகைய காவலை வேண்டி நிற்பதே. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூரின் விளைநிலங்கள் ஆலைகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறி வருகின்றன. நந்திமலையில் பிறந்து பெங்களூர் வழி வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க நிற்பதைக் காணாதவர் இலர். மறுபுறம், யானைகள் உலவும் காடுகளைக் காக்க 2014இல் சுமார் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமும், 2022இல் சுமார் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் அரசால் அறிவிக்கப்பட்டன. காட்டுக்கும் ஆலைக்கும் இடையே எஞ்சியுள்ள குன்றுகளும் ஏரிக்கரைகளும் தோப்புகளுமே பொதுமக்களின் அறம் புகுவதற்குரிய இடம்.

சான்றைப் புதுப்பித்தல்

இந்நாட்டில் நில அறக்கட்டளைகளுக்கெனத் தனித் தரச்சான்று அமைப்பு இல்லை. வரித்துறையின் பதிவே நடைமுறையில் அங்கீகாரமாகக் கருதப்படுகிறது. முன்னர் ஒருமுறை பெற்றால் நிலைத்திருந்த அப்பதிவு, 2021 ஏப்பிரல் முதல் ஐந்தாண்டுக் காலத்திற்கென வரையறுக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்படாத அறக்கட்டளைகளுக்கு அக்காலத்தைப் பத்தாண்டாக நீட்டியது. புதிய வருமானவரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினும் புதுப்பிக்கும் கடமை மாறவில்லை.

இதைத் தவற விடுதல் சிறு பிழையன்று. பதிவு இழந்த அறக்கட்டளையின் சொத்துகளை அன்றைய சந்தை மதிப்பில் கணக்கிட்டு, கடன்களைக் கழித்து, எஞ்சிய தொகைமீது உச்ச விகிதத்தில் வரி விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உரிய காலத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்காமையும் 2023ஆம் ஆண்டின் திருத்தத்தால் இதனுள் சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் சில ஆயிரங்களுக்கு வாங்கிய இரண்டு ஏக்கர் நிலம் இன்று ஓசூரில் என்ன விலை பெறும் என்பதை நாம் அறிவோம். கையில் பணமில்லாது நிலம் மட்டுமே உடைய சிறிய அறக்கட்டளைக்கு அத்தகைய வரி வந்தால், வரி கட்டுவதற்காகவே நிலத்தை விற்க நேரிடும். பகைவர் எவருமின்றி, ஒரு விண்ணப்பத்தின் தாமதத்தால் அறம் அழியும்.

ஆகவே நம் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். சொந்த ஊரின் ஜினாலயத்திற்கோ பாடசாலைக்கோ உரிய நிலங்களின் தாய்ப்பத்திரம், இனாம் பதிவேட்டு நகல், பட்டா, அ பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒரே இடத்தில் திரட்டுங்கள். 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர் மாறிப் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். அறங்காவலர் மாறும்போதெல்லாம் பட்டாவிலும் பெயர் மாற்றுங்கள். ஆண்டுக்கொருமுறை, மகாவீர் ஜெயந்தி அன்றோ பொங்கல் விடுமுறையிலோ, இளைஞரை அழைத்துச் சென்று எல்லையைச் சுற்றி நடந்து, கற்கள் தத்தம் இடத்தில் உள்ளனவா என்று பார்த்து எழுதி வையுங்கள். யானை முன்செல்லாவிடினும் பேரப்பிள்ளைகள் முன்செல்லட்டும்.

நம் ஆசிரியர்கள் உணவு, மருந்து, நூல், அபயம் என நால்வகைத் தானங்களை வகுத்துரைத்தனர். அவற்றுள் அபயதானம் எல்லா உயிர்க்கும் அச்சமின்மை அளிப்பது. ஒரு குன்றை உடைபடாமல் காப்பவர் அதில் வாழும் எண்ணற்ற உயிர்களுக்கு அபயம் அளிக்கின்றார். மேலும், தனக்கென வைத்துக்கொள்ளாமல் நிலத்தைத் தாங்கி நிற்கும் அறங்காவலரின் நிலை, இல்லறத்தார்க்குரிய மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்கு மிக அணுக்கமானது. மன்னன் கொடுத்த ஊரைத் தன் பெயரில் ஒரு நாளும் வைத்துக்கொள்ளாமல் அறத்திற்கு அளித்த நிதியண்ணன் அவ்விரதத்தையே மேற்கொண்டார். அவர் காத்த மூலப்பள்ளியின் வருவாய் இன்று இல்லை. அவர் எழுதி வைத்த முறை மட்டும் நம்மிடம் உள்ளது. அம்முறையைக் கைக்கொண்டு நம்மிடம் எஞ்சியுள்ளதைக் காத்துப் பின்வருவோரிடம் ஒப்படைப்போமாக.

வாழ்க அறம்! வளர்க அருளுடைமை!

*தங்குதன்: டங்ஸ்டன் என வழங்கும் உலோகம்.